இளம் இரட்டை விண்மீன்களின் தாரைகள்: சிமுலேஷனுக்கு எந்த வழி?

ரிஷப ராசியின் திசையில், சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில் எல்1551 என்ற இருண்ட முகில் இருக்கிறது. அதற்குள் புதைந்து கிடக்கும் ஐஆர்எஸ்5 என்ற இளம் விண்மீனிலிருந்து வாயு இரண்டு எதிரெதிர்த் திசைகளில் பாய்ந்து வெளியேறுவதாக ஸ்னெல், லோரன், பிளாம்பெக் மூவரும் 1980இல் அறிவித்தார்கள். இளம் விண்மீன்களின் வெளிப்பாய்வு பற்றிய ஆராய்ச்சி சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான். 1998இல் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கியின் படம் அங்கே இரண்டு விண்மீன்கள் இருப்பதைத் தெளிவாகக் காட்டியது. இரண்டுக்கும் இடையே சுமார் 45 வானியல் அலகு தூரம். ஒவ்வொன்றைச் சுற்றியும் சுமார் 10 அலகு ஆரமுள்ள, வாயுவும் தூசும் கொண்ட ஒரு சிறு வட்டு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்தான் 1 வானியல் அலகு; இனி அதை ஏயூ என்றே எழுதுகிறேன். ஹபிள் தொலைநோக்கியும் அங்கிருந்து ஒன்றுக்கு இரண்டாகத் தாரைகள், அதாவது குறுகலாக வேகமாகப் பாயும் வாயு, கிளம்புவதைக் காட்டிவிட்டது.

இப்படி ஓர் அமைப்பைக் கணினியில் உருவாக்க வேண்டும் என்று ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்தால், அவர் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த கோட் எடுக்கலாம்?" என்பதுதான். ஃப்ளாஷா, ராம்சஸா, புளூட்டோவா, ஃபாண்டமா? (எல்லாம் வாயுவின் ஓட்டத்தைக் கணக்கிடும் கணினி நிரல்கள்.) நியாயமான கேள்விதான், ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டியது. தாரை சிமுலேஷனுக்குள் தானாகப் பிறக்க வேண்டுமா, இல்லை நாமே அதைச் செலுத்தப் போகிறோமா என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். எதைக் கண்டுபிடிக்கப் போகிறோமோ அதையே கையால் உள்ளே போட்டுவிடக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

முதலில் காகிதத்தில்

எந்த வழியில் போனாலும் சூப்பர்கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுவிட வேண்டும். இரண்டு விண்மீன்களும் சேர்ந்து 1 சூரிய நிறை, இடைவெளி 45 ஏயூ என்று வையுங்கள். கெப்ளர் விதிப்படி சுற்றுக்காலம் சுமார் 300 ஆண்டுகள். நிறை சமம் என்றால் ஒவ்வொன்றும் நொடிக்கு 2.2 கி.மீ. வேகத்தில் சுற்றும். தாரையின் வேகம் நொடிக்கு 100 கி.மீ. என்றால் அது ஆண்டுக்கு 21 ஏயூ போகும். ஒரு சுற்று முடிவதற்குள் 6,300 ஏயூ போய்விடும். சுற்றிக்கொண்டே ஹோஸ் பிடித்தால் தண்ணீர்க்கோடு நெளிவதுபோல, தாரையும் அந்த நீளத்துக்கு ஒரு முறை நெளியும். ஆனால் நெளிவின் கோணம் வெறும் 1.3 பாகை.

இதே கணக்கை 2.5 ஏயூ இடைவெளியுள்ள ஒரு நெருக்கமான ஜோடிக்குப் போடுங்கள். சுற்றுக்காலம் 4 ஆண்டு, நெளிவின் நீளம் 83 ஏயூ, கோணம் 5 பாகைக்கு மேல். படமே மாறிவிடுகிறது. முதல் ஜோடிக்குப் பத்தாயிரம் ஏயூ அளவுள்ள பெட்டி இல்லாமல் ஒன்றரை நெளிவுகூடத் தெரியாது. இரண்டாவதற்குச் சில நூறு ஏயூ போதும், ஆனால் உள்ளே மிக நுணுக்கமாகப் பார்க்க வேண்டும்.

மாசியாத்ரி, ராகா இருவரும் 2002இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கணக்கை முறைப்படுத்தித் தருகிறது. நெளிவுக்குக் காரணம் சுற்றுப்பாதை இயக்கம் என்றால் இரு பக்கத் தாரைகளும் கண்ணாடிப் பிம்பம்போல ஒரே பக்கமாக வளையும். தாரையின் அச்சே மெல்லச் சுழல்வதுதான் காரணம் என்றால், ஒன்று இடப்பக்கம் போகும்போது எதிர்த்தாரை வலப்பக்கம் போகும். தொலைநோக்கிப் படத்திலிருந்து சுற்றுக்காலத்தை மட்டும் ஊகித்தால் போதும் என்பவருக்கு இந்தக் கணக்கே போதும். எச்எச்211, எச்எச்30 போன்ற தாரைகளின் நெளிவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணைவிண்மீன்களைப் பற்றி இப்படித்தான் பேசினார்கள். சிமுலேஷன் தேவையே இல்லாத கேள்விகளும் உண்டு என்பதைச் சொல்ல நமக்குத் தயக்கம் இருக்கக் கூடாது.

முகிலிலிருந்தே தொடங்கினால்

இதுதான் கனவு வழி. காந்தப்புலமும் மெதுவான சுழற்சியும் உள்ள ஒரு முகிலைக் கணினியில் வைத்தால், ஈர்ப்பு அதைச் சரியவிடும். அது இரண்டாகப் பிளக்கும், வட்டுகள் உருவாகும், காந்தப்புலம் முறுக்கிக்கொள்ளும், தாரை கிளம்பும். நாம் எதையும் செலுத்துவதில்லை.

இந்த வழியின் அருமையைக் குருவிட்டா, ஃபெடராத், அயர்லாந்து மூவரின் 2017ஆம் ஆண்டுக் கட்டுரை நன்றாகக் காட்டுகிறது. ஃப்ளாஷ் கோடில் தனி விண்மீன், சுமார் 2.5 ஏயூ இடைவெளி ஜோடி, சுமார் 45 ஏயூ இடைவெளி ஜோடி என மூன்றையும் உருவாக்கி ஒப்பிட்டார்கள். தனி விண்மீனும் நெருக்கமான ஜோடியும் ஒரே ஒரு சோடித் தாரையைத்தான் (எதிரெதிராகப் பாயும் இரண்டை) செலுத்தின. அகன்ற ஜோடி இரண்டு சோடிகளைச் செலுத்தியது. எல்1551இல் நாம் பார்ப்பதும் இதுதான். தனி விண்மீன் வெளியே தள்ளிய நிறையோடு ஒப்பிட்டால் நெருக்கமான ஜோடி சுமார் 71 சதவீதத்தையும், அகன்ற ஜோடி சுமார் 50 சதவீதத்தையும்தான் தள்ளின. வாயுவைத் தள்ளும் பொறிமுறையே வேறுபட்டது என்பதுதான் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது. முதல் இரண்டிலும், சாய்ந்த காந்தப்புலக் கோடுகள் வழியாக மைய விலக்கு விசை வாயுவை வீசியெறிந்தது. அகன்ற ஜோடியில் காந்த அழுத்தம்தான் வாயுவை மேலே தள்ளியது. தாரையைக் கையால் செலுத்தியிருந்தால் இந்த விடை கிடைத்திருக்கவே வாய்ப்பில்லை.

சரி, விலை என்ன? சிமுலேஷன் வெளியைச் சிறு கட்டங்களாகவும் நேரத்தைச் சிறு அடிகளாகவும் பிரித்துத்தான் கணக்கிடும். 100 கி.மீ./நொடி வேகத்தில் பாயும் வாயு ஒரு கட்டத்தைத் தாண்டும் நேரத்தைவிடப் பெரிய அடி எடுத்துவைக்க சிமுலேஷனுக்கு அனுமதி இல்லை. கட்டத்தின் அளவு 1 ஏயூ என்றால் ஓர் அடி 17 நாள். 300 ஆண்டுச் சுற்றுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் அடிகள். 0.1 ஏயூ என்றால் அறுபதாயிரத்துக்கு மேல். விண்மீனின் பரப்பையே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், 2 சூரிய ஆரத்தைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்து, அங்கே வேகம் 300 கி.மீ./நொடி என்று வைத்தால், ஓர் அடிக்கு 8 நிமிடம்தான். ஒரே ஒரு சுற்றுக்கு 2 கோடி அடிகள். கட்டத்தைப் பாதியாக்கும்போது அந்தப் பகுதியின் கட்டங்கள் எட்டு மடங்காகின்றன, அடிகள் இரு மடங்காகின்றன, மொத்தச் செலவு 16 மடங்கு. இதைப் பணத்தாலோ பெரிய இயந்திரத்தாலோ முழுக்கச் சமாளித்துவிட முடியாது.

சைகி, மச்சிதா இருவரின் 2020ஆம் ஆண்டு வேலை இந்த எல்லையை நன்றாக உணர்த்துகிறது. அவர்களுடைய சிமுலேஷனில் 30 ஏயூவுக்குள் சுற்றும் இரண்டு இளம் விண்மீன்கள் 100 கி.மீ./நொடிக்கும் மேல் வேகமுள்ள தாரைகளை விட்டுவிட்டுச் செலுத்துகின்றன. அந்தத் தாரைகள் தொலைவில் போய் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றி, இரண்டு விண்மீன்களுக்கும் பொதுவான வாயுவிலிருந்து மெதுவான ஓர் அகன்ற பாய்வும் எழுகிறது. அபாரமான வேலை. ஆனால் அது எட்டியது விண்மீன் பிறந்து சுமார் 400 ஆண்டுகள் வரைதான். அச்சு மெல்லச் சுழல்வதற்குச் சுற்றுக்காலத்தைப்போலச் சுமார் 20 மடங்கு நேரம் ஆகும் என்பது பொதுவான மதிப்பீடு. 45 ஏயூ ஜோடிக்கு அது 6,000 ஆண்டு. அதை இந்த நுணுக்கத்தில் பார்க்க வழியே இல்லை.

அதனால் பெரும்பாலானவர்கள் உறிஞ்சு துகள் வைக்கிறார்கள்: விண்மீனைச் சுற்றி ஓர் ஆரம் குறித்து, அதற்குள் வரும் வாயுவை ஒரு புள்ளி நிறை விழுங்கிவிடும். இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தாரையின் வேகம் அது கிளம்பும் இடத்தின் சுற்று வேகத்தை ஒட்டியே இருக்கும். அரை சூரிய நிறையுள்ள விண்மீனிலிருந்து 0.05 ஏயூவில் சுற்று வேகம் 90 கி.மீ./நொடிக்கு மேல்; 1 ஏயூவில் 21தான். உறிஞ்சு துகளின் ஆரம் 1 ஏயூ என்றால், வேகமான தாரை பிறக்கும் இடத்தையே நாம் விழுங்கிவிட்டோம். வெளியே வருவது மெதுவான பாய்வு மட்டுமே. அதைத் தாரை என்று எழுதி, தொலைநோக்கி அளந்த வேகத்தோடு ஒப்பிட்டு, "பொருந்தவில்லை" என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. நெருக்கமான ஜோடிக்கும் இதே எச்சரிக்கை. 2.5 ஏயூ இடைவெளியில் தனித்தனி வட்டுகளின் ஆரம் 1 ஏயூவுக்குள் அடங்கிவிடும். கட்டமே 1 ஏயூ என்றால் அந்த வட்டுகள் சிமுலேஷனில் இல்லை என்றுதான் அர்த்தம். "ஒரே தாரைதான் வந்தது" என்ற முடிவை அதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு இடைஞ்சல், கட்டுரைகளில் ஒரு வரியில் கடந்துபோவது. தாரைக்கு அடியில், துருவப் பகுதியில் வாயு மிக மெலிந்துவிடும். காந்தப்புலம் 0.1 காஸ் (காந்தப்புலத்தின் அலகு), அடர்த்தி கன செ.மீ.க்கு 10இன் அடுக்கு மைனஸ் 17 கிராம் என்றால் காந்த அலையின் வேகம் சுமார் 90 கி.மீ./நொடி. அடர்த்தி நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் அது 900 ஆகிவிடும். அலையும் ஓர் அடிக்குள் ஒரு கட்டத்தைத் தாண்டக் கூடாது என்பதால், அடியும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சிமுலேஷன் அப்படியே நின்றுபோகும். இதைத் தவிர்க்க எல்லாரும் ஒரு கீழ்வரம்பு வைக்கிறார்கள்: அடர்த்தி இதற்குக் கீழே போனால் வாயுவைச் சேர்த்து நிரப்பு என்று. அப்படிச் சேர்த்த வாயுவும் தாரையோடு சேர்ந்து வெளியே போகும். எவ்வளவு சேர்த்தோம் என்று கணக்கு வைக்காத சிமுலேஷனில் தாரையின் நிறையை நம்பக் கூடாது.

வட்டிலிருந்து தொடங்கினால்

முகிலை விட்டுவிட்டு, ஏற்கெனவே உருவான ஒரு வட்டு, அதை ஊடுருவும் காந்தப்புலம், பக்கத்தில் ஒரு துணைவிண்மீன் என்று தொடங்கலாம். ஷேக்நெசாமி, ஃபெண்ட் இருவரும் 2015, 2018 கட்டுரைகளில் புளூட்டோ கோடில் இதைத்தான் செய்தார்கள். துணைவிண்மீனின் ஈர்ப்பு வட்டை எப்படி வளைக்கிறது, அதனால் தாரை எப்படிச் சாய்கிறது என்பதை இந்த அளவு சுத்தமாக வேறெந்த வழியிலும் பார்க்க முடியாது. ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்: இடைவெளி, நிறை விகிதம், சாய்வு. முகில் சரியும் சிமுலேஷனில் அது நடக்காது. ஒன்றைத் தொட்டால் எல்லாமே மாறிவிடும்.

குறை, காந்தப்புலத்தின் வடிவத்தை நாம்தான் கொடுக்கிறோம். புலக்கோடு அச்சிலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் குளிர்ந்த வாயு தானாகவே வெளியே வீசப்படும் என்று பிளாண்ட்ஃபோர்டும் பெய்னும் 1982இலேயே காட்டிவிட்டார்கள். அந்தச் சாய்வோடு தொடங்கினால் தாரை வரத்தான் செய்யும். ஆகவே "தாரை வருமா?" என்பது இந்த வழிக்கான கேள்வி அல்ல, "வந்த தாரையைத் துணைவிண்மீன் என்ன செய்கிறது?" என்பதே இதற்கான கேள்வி.

தாரையைச் செலுத்தினால்

ஃபெடராத்தும் கூட்டாளிகளும் 2014இல் ஒரு பாணியை வகுத்தார்கள். உறிஞ்சு துகள் விழுங்கும் வாயுவில் 30 சதவீதத்தை, அதன் சுழற்சி அச்சின் இரு பக்கமும் 30 பாகைக் கூம்புக்குள் திருப்பி அனுப்புவது. அதற்குள் 5 பாகைக்குள் வேகமான தாரை. விண்மீன் கூட்டம் ஒன்று உருவாகும்போது தாரைகள் இல்லாவிட்டால் விண்மீன்களின் சராசரி நிறை மூன்று மடங்காக இருக்கும் என்று அதில் தெரிந்தது. கிஸ்மோ கோடைப் பயன்படுத்தும் ஸ்டார்ஃபோர்ஜ் திட்டமும் தாரையைச் செலுத்தத்தான் செய்கிறது.

பெரிய அளவுக் கேள்விகளுக்கு இந்த வழியை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். இரண்டு தாரைகள் மோதினால் என்ன ஆகும், முகிலில் எவ்வளவு பெரிய குழி தோண்டும், 6,000 ஆண்டு அச்சுச் சுழற்சி எப்படித் தெரியும் என்பதற்கெல்லாம் இதுதான் சரி. ஆனால் ஒவ்வொரு உறிஞ்சு துகளும் ஒரு சோடித் தாரையைச் செலுத்தும் என்று நாமே எழுதிவிட்டோம். நெருக்கமான ஜோடியும் இங்கே இரண்டு சோடிகளைத்தான் செலுத்தும். "இரட்டை விண்மீனிலிருந்து ஒரு தாரையா, இரண்டா?" என்ற கேள்விக்கு இந்த சிமுலேஷனிடம் விடை கேட்பது வீண். இன்னொன்று, கட்டம் நுணுக்கமாக இருந்து வட்டிலிருந்து இயல்பாகவே பாய்வு எழும்போது, அதன் மேல் செலுத்திய தாரையும் சேர்ந்தால் ஒரே வாயுவை இரண்டு முறை எண்ணுகிறோம். இதைப் பலரும் சோதிப்பதில்லை.

கட்டமா, துகளா

இப்போது கோட். ஃப்ளாஷ், ராம்சஸ், அதீனா++, புளூட்டோ எல்லாம் வெளியைக் கட்டங்களாகப் பிரிப்பவை. ஃபாண்டம் வாயுவைத் துகள்களாகப் பிரிப்பது. 2018இல் பிரைஸும் கூட்டாளிகளும் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். இரட்டை விண்மீன்களின் வட்டுகளுக்கு ஃபாண்டம் அருமையான கருவி. துகள் சுற்றுப்பாதையோடு சேர்ந்தே நகர்கிறது, கோண உந்தம் வீணாவதில்லை, எந்தத் திசைக்கும் தனிச்சலுகை இல்லை. கட்ட முறையில் இரண்டு விண்மீன்களும் சதுரக் கட்டங்களைக் குறுக்கே கடந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொரு கடத்தலிலும் வட்டு கொஞ்சம் கோண உந்தத்தை இழக்கும்.

அப்படியானால் ஃபாண்டமையே எடுத்துவிடலாமே? தாரைக்கு அது ஒத்துவராது என்பதுதான் என் முடிவு. 1 சூரிய நிறையுள்ள முகிலை 10 லட்சம் துகள்களாகப் பிரித்தால், ஒரு துகள் சூரிய நிறையில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. தாரை ஆண்டுக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு நிறையை வெளியேற்றுகிறது என்று வையுங்கள், வழக்கமான அளவுதான். அப்படியானால் பத்து ஆண்டுக்கு ஒரு துகள்! அந்தப் பத்து ஆண்டில் தாரை 210 ஏயூ போய்விடும். 210 ஏயூவுக்கு ஒரு துகள் இருக்கும் இடத்தில் அதிர்வலையும் தெரியாது, பின்னலும் தெரியாது. 10 கோடித் துகள் போட்டாலும் 2 ஏயூவுக்கு ஒரு துகள்தான். குறுக்குவெட்டில் பார்க்க எதுவும் இருக்காது. பிரைஸ், டிரிக்கோ, பேட் மூவரும் 2012இல் துகள் முறையிலேயே அழகான தாரையைக் காட்டியது உண்மை. ஆனால் அது விண்மீன் பிறப்பதற்கு முந்தைய முதல் கருவிலிருந்து எழுந்தது. அங்கே வெளியேறும் நிறை அதிகம். தாரைக்கு மட்டும் சிறு நிறையுள்ள துகள்களைப் புதிதாகப் பிறப்பிக்கும் உத்தியை ஸ்டார்ஃபோர்ஜ் கையாள்கிறது. நல்ல தீர்வு, ஆனால் அது மறுபடியும் செலுத்தும் வழிதான்.

காந்தப்புலத்துக்கு ஒற்றைத் துருவம் கிடையாது. கட்ட முறையில், புலத்தைக் கட்டத்தின் முகங்களில் வைத்துக் கணக்கிட்டால் இந்த விதி இயந்திரத் துல்லியத்துக்குக் காப்பாற்றப்படும். ராம்சஸும் அதீனா++உம் அப்படித்தான் செய்கின்றன. துகள் முறையில் பிழையை அவ்வப்போது துடைத்துவிட வேண்டியிருக்கும். புலம் இறுக முறுக்கிக்கொள்ளும் தாரையின் அடிவாரத்தில் இந்த வேறுபாடு பெரிதாகவே தெரியும். நகரும் கட்டங்கள் கொண்ட அரேப்போ நடுவில் நிற்கிறது. சுற்றுப்பாதையை நன்றாகப் பிடிக்கும், தாரையில் துகள் முறைக்கு உள்ள அதே நிறைப் பிரச்சினையை விசேஷ நுணுக்கம் வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஏற்கெனவே அதில் கைதேர்ந்தவர் குழுவில் இருந்தால் எடுக்கலாம்.

என் பரிந்துரை

எல்1551 ஐஆர்எஸ்5 மாதிரியான ஜோடி, கேள்வி "இரண்டு தாரைகள் எங்கிருந்து வருகின்றன, இரண்டையும் சேர்த்துச் சுற்றியுள்ள பொதுவட்டின் பங்கு என்ன?" என்றால், முகிலிலிருந்தே தொடங்குங்கள். தேவைப்படும் இடத்தில் நுணுகும் கட்ட முறையை எடுங்கள். ராம்சஸ் அல்லது ஃப்ளாஷ், உங்கள் பக்கத்தில் கேட்க ஆள் இருக்கும் கோட் எதுவோ அது. 1 ஏயூ கட்டத்தோடு இரண்டு மூன்று சுற்றுகள் ஓட்டிவிட்டு, இரு விண்மீன்களும் மிக நெருங்கும் தருணத்துக்குக் கொஞ்சம் முன்னால் சேமித்த கோப்பிலிருந்து 0.1 ஏயூ கட்டத்தில் சில பத்தாண்டுகளை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். எப்போதும் நுணுக்கமாக ஓட்டுவதற்கான நேரத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும். முழுக்க அயனியான வாயு என்ற எளிய அனுமானத்தில் முதல் ஓட்டம் இருக்கலாம். வெளியிடுவதற்கு முன் காந்தப்புலம் வாயுவிலிருந்து நழுவும் விளைவையும் சேர்த்து ஒன்றாவது ஓட்ட வேண்டும். அது இல்லாமல் வரும் வட்டுகள் இயல்பைவிடச் சிறிதாகிவிடும் அபாயம் உண்டு.

பத்தாயிரம் ஏயூ வடிவம்தான் கேள்வி என்றால், முதல் ஓட்டத்தில் அளந்த திசை, நிறை, வேகம் ஆகியவற்றைக் கொண்டு தாரையைச் செலுத்தும் தனி சிமுலேஷன் போடுங்கள். அந்த அளவுகளைக் கற்பனையாக எடுக்காமல் முந்தைய ஓட்டத்திலிருந்து எடுப்பதுதான் இரண்டையும் இணைக்கும்.

எதைச் செய்தாலும், முகிலின் சுழற்சி அச்சைக் கட்டத்தின் அச்சிலிருந்து 45 பாகை சாய்த்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கட்ட அச்சோடு ஒட்டி நேராகப் போகும் தாரை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சாய்த்த ஓட்டத்திலும் அதே அகலம், அதே வேகம் வந்தால்தான் அது இயற்பியல். அப்புறம், கோப்புகளைச் சேமிக்கும் இடைவெளி சுற்றுக்காலத்தில் நூறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 4 ஆண்டு ஜோடிக்கு அது இரண்டு வாரம். வட்டிலிருந்து விட்டுவிட்டு எழும் பாய்ச்சல்கள் சுற்றுப்பாதையின் எந்த இடத்தில் எழுகின்றன என்பதை அதைவிட அகன்ற இடைவெளியில் சேமித்த கோப்புகளிலிருந்து எடுக்கவே முடியாது.